எனக்கும் ஒரு கதிரை போட்டு வை

மகன்,

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நீ பேசினாய். சாப்பிட்டாயா என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றாய். தோஹாவில் வெயில் எப்படி என்றேன், கொதிக்கிறது என்றாய். பிறகு, "உம்மா, நான் அந்தப் படிப்ப விடப் போறன். மனசு வரல்ல. யாருக்காகப் படிக்கிறதெண்டும் தெரியல்ல" என்றாய். நான் "சரி மகன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். உனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். உப்புக் கூடினாலும் ஒரு பாட்டம் பேசித் தீர்க்கிற உம்மா இதற்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டாள் என்று யோசித்திருப்பாய். பேசியிருந்தால் நான் உன்னை நன்றாக ஏசியிருப்பேன், மகன். ஏச்சுக் கேட்டு யாரும் புத்தகத்தைத் திறந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது கோபம் தானாக ஆறிவிடுகிறது, எழுத்துக் கூட்டவே பாதி நேரம் போய்விடுகிறதே. வேலை இல்லாத நாளில் தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசி. உன் மாமி பக்கத்தில்தான் இருக்கிறார். எழுதி முடித்ததும் தனக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டுமாம். அதனால் இது உனக்கு மட்டுமான கடிதமாக இருக்கப் போவதில்லை.

விடப் போகிறேன் என்று நீ சொன்னது உன் பட்டப்படிப்பின் கடைசி வருஷத்தை. மூன்று வருஷம் கொளுத்துகிற வெயிலில் களஞ்சியத்தில் பெட்டி எண்ணிவிட்டு, அறைக்கு வந்து குளித்து, கட்டிலில் சம்மணம் போட்டுப் படித்து ஏறி வந்த படிப்பு அது. இன்னும் எழுதிக் கொடுக்க வேண்டிய இரண்டொரு ஒப்படையும் ஒரு செயற்றிட்டமும்தான் மிச்சம் என்று நோன்புப் பெருநாளுக்கு நீயே சொன்னாய். இந்த மாத முடிவுக்குள் பதியாவிட்டால் அந்த இடம் போய்விடும் என்றும் சொன்னாய். அதை நான் மறக்கவில்லை. அதனால் இந்தக் கடிதம் உனக்குக் கெதியாகக் கிடைக்க வேண்டும் என்று வேகமாக எழுதுகிறேன். வேகமாக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே வாப்பா மௌத்தான நாளிலிருந்து தொடங்கப் போகிறேன், உன் உம்மா அப்படித்தான்.

வாப்பாவின் ஜனாஸாவுக்கு உன்னால் வந்து சேர முடியவில்லை. அடக்கம் முடிந்து அடுத்த நாள்தான் வந்தாய். வாசலில் பையை வைத்துவிட்டு உள்ளே வந்தவன், அழாமல் என் பக்கத்தில் கீழே உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பிடியை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். நீ நின்ற அந்தச் சில நாட்களில் ஒரு பின்னேரம், ஹந்தானை மலையில் பனி இறங்குவதை ஜன்னலால் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டாய்: "நாலு மாசமும் பத்து நாளும் இந்த ரூமுக்குள்ள என்ன உம்மா செய்யப் போறீங்க?" புருஷனை இழந்து, வெளியே போகாமல் இத்தா இருக்கிறவள் என்ன செய்வாள்? தொழுவேன், ஓதுவேன், வருகிற பெண்களோடு பேசுவேன், தூங்குவேன். அதைச் சொல்லாமல், உன் முகம் வாடியிருந்ததைப் பார்த்து, "நான் ஏஎல் படிக்கப் போறன்" என்றேன். உன்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன், மகன். வேறு ஒரு எண்ணமும் இல்லை. நீயும் சிரித்தாய். ஆனால் அன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு உன் பழைய லெப்டொப்பைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்னென்ன பாடம் வேணும்?" என்று கேட்டாய்.

நான் அந்த ஏஎல் உயர்தர வகுப்பில் சேர்ந்து முதல் தவணை முடிவதற்குள் வாப்பாவை எனக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அதில் எனக்கு மனத்தாங்கல் இருந்ததில்லை. வாப்பா மாதிரி ஒரு மனிதர் கிடைக்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது? ஆனால் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு உன் புவியியல் புத்தகத்தைப் புரட்டுவேன். படங்களைப் பார்ப்பேன், காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று அம்புக்குறியைப் பார்ப்பேன். அதை வாப்பா ஒரு நாள் கண்டுவிட்டு, "என்ன டீச்சர், பாடம் எப்ப?" என்று கேட்டார். அதிலிருந்து கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் எனக்கு டீச்சர் என்றுதான் பெயர். உனக்கு அது நினைவிருந்திருக்க வேண்டும். முதலாவது பாடமாக நீ கேட்காமலே புவியியலைப் போட்டாய். இரண்டாவது இஸ்லாமிய நாகரிகம், மூன்றாவது அரசியல் விஞ்ஞானம். அரசியல் வேண்டாம் என்று நான் மன்றாடியதை நீ கேட்கவில்லை. அதற்காக மட்டும் உனக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

நீ திரும்பிப் போனாய், கம்பியூட்டரில் வகுப்புத் தொடங்கியது. முதல் நாளே உன் மாமி, வாப்பாவுடைய ராத்தா, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார். அவர் எனக்குத் துணையாகத்தான் வந்து தங்கியிருந்தார். ஆனால் துணைக்கு வந்தவரா காவலுக்கு வந்தவரா என்று எனக்கே அடிக்கடி சந்தேகம் வரும். "என்ன புள்ள இது? தம்பி மௌத்தாகி இன்னும் ஈரம் காயல்ல. இத்தா இரிக்கிற பொம்பள ஆம்பளட கொரலக் கேட்டுக்கொண்டு இரிக்கிறதா?" என்றார். நான் கம்பியூட்டரை மூடிவிட்டேன். நீ அங்கிருந்து பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்குப் போன் எடுத்துக் கேட்டு, கமராவை மூடிவைத்துப் படிக்கிறது படிப்புத்தானே, அதில் தடையில்லை என்று அவர் சொன்னதை மாமியின் காதிலேயே கேட்க வைத்தாய். மாமி ஹஸ்ரத்தை மறுத்துப் பேசவில்லை. "அப்ப நானும் பக்கத்தில இரிக்கிறன்" என்று மட்டும் சொன்னார். கதிரையை இழுத்துப் போட்டு, தஸ்பீஹ் மணியைக் கையில் எடுத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

சுவரைப் பார்த்தாலும் காது காதுதானே. புவியியல் படிப்பித்த வாத்தியார், எங்கள் சேர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "பிள்ளையள், விளங்குதோ?" என்று பத்து வசனத்துக்கு ஒரு தடவை கேட்பார். நான் எங்கே பதில் சொன்னேன்? என்னைத் தவிர எல்லாரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். மைக்கைத் திறந்தால் இந்தக் கிழவியின் குரலைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். மாமியோ மூன்றாம் நாள் வகுப்பில் தஸ்பீஹை மடியில் வைத்தார். ஐந்தாம் நாள் வகுப்பில் கதிரையைத் திருப்பினார். என்னைப் பார்க்க வருகிற பெண்களும் வந்து சலாம் சொல்லி, என் கையைப் பிடித்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, பாடம் நடக்கிறதென்று தெரிந்தால் அப்படியே பாயில் உட்கார்ந்துவிடுவார்கள். மேலே தோட்டத்து லயத்திலிருந்து கீரை கொண்டு வருகிற செல்வராணி கூட, "அந்த சாரு இன்னைக்கி எதப் பத்திச் சொல்றாருங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவாள். நான் படிக்க ஆசைப்பட்டேனோ இல்லையோ, பாடத்தை நிறுத்தினால் அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள்.

அந்தக் கொத்தமல்லிக் கதையை உனக்கு ஒரு தரம் போனில் சொன்னேன், சிரிப்பில் பாதிதான் சொன்னேன். முழுதாகச் சொல்கிறேன். சேருக்கு அன்றைக்குத் தடிமன். குரல் அடைத்து, இருமி இருமிச் சமவுயரக் கோட்டைப் படிப்பித்துக்கொண்டிருந்தார். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்துச் சரிவு, அகன்று இருந்தால் மென்சரிவு என்று சொல்கிறார். நான் ஜன்னலால் ஹந்தானையைப் பார்த்து எந்தப் பக்கம் நெருக்கம், எந்தப் பக்கம் அகலம் என்று விரலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். என் முழங்கை எதில் பட்டதோ தெரியாது, மைக் திறந்துவிட்டது. மாமிக்கு அது தெரியாது. "பாவம் இந்தப் புள்ள! கொரல் அடச்சிப் போய்க்கி. ஊட்டில ஒரு கொத்தமல்லி அவிச்சிக் குடுக்க ஆளில்லையா இவருக்கு?" என்று, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல உரத்துச் சொன்னார். பாடம் நின்றது. எனக்கு உயிர் நின்றது. இன்னொரு தரம் இருமிவிட்டுச் சேர், "ஆர் அது? கொத்தமல்லியோ? சரி, இண்டைக்கே அவிச்சுக் குடிக்கிறன்" என்றார். அடுத்த வகுப்பு தொடங்கும்போதே, "அண்டைக்குச் சொன்ன மாமிக்குச் சொல்லுங்கோ, குடிச்சனான், சுகமாப் போச்சுது" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் எல்லாம், மாமி வந்திட்டாவா, மாமிக்கு விளங்கினதா என்று திரையில் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

சேர் கொத்தமல்லி குடிக்கிறேன் என்று சொன்ன அந்த நேரத்தில் மாமி முதலில் திகைத்தார். பிறகு சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதைப் பார்த்து நானும் சிரித்தேன். வாப்பா போன பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது. சிரித்து முடிந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது, மகன். புருஷன் மௌத்தான வீட்டில் இப்படிச் சிரித்தேனே, இந்தப் பெண்கள் என்ன நினைப்பார்கள் என்று கூனிப் போனேன். மாமிதான் என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "அவன் இருந்திருந்தா எங்க ரெண்டு பேரையும் விடக் கூடச் சிரிச்சிருப்பான் புள்ள" என்றார். பிறகு இரண்டு பேரும் நன்றாக அழுதோம். தம்பிக்காக அவர் அப்படி அழுததை நான் அதுவரை பார்த்ததில்லை. என்னைக் காவல் காக்கிற வேலையில் தன் துக்கத்தை அவர் ஒரு மூலையில் வைத்துவிட்டிருந்தார் போல. அந்தப் பாடங்களை நீ எனக்குப் பொழுது போக என்று ஏற்பாடு செய்தாய். அவருக்கும் அதுதான் ஆறுதலாக இருந்தது என்பது உனக்குத் தெரிந்திருக்காது.

இத்தா முடிந்தது. குளித்து, துஆ ஓதி, வாசலைத் தாண்டி முற்றத்தில் நின்றேன். வெளிச்சத்தில் கண் கூசியது. பெண்கள் வந்து கட்டிப்பிடித்தார்கள். அடுத்த நாள் யாரும் வரவில்லை. அது அவர்கள் குற்றமில்லை, அவரவருக்கு அடுப்பும் பிள்ளைகளும் இருக்கின்றன. மாமியும் மஹய்யாவயில் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கோ வெளியே போகிற வேலைகள் குவிந்து கிடந்தன. வாப்பாவின் கடையை ஒப்படைக்க வேண்டும், அரசாங்க அலுவலுக்குக் கச்சேரிக்குப் போக வேண்டும், மரணச் சான்றிதழில் ஒரு பிரதி போதாமல் மறுபடி போக வேண்டும். வீட்டுக்கு வந்து கம்பியூட்டரைத் திறந்தால் சேருடைய குரல் மட்டும்தான். பக்கத்தில் வெறும் கதிரை. விளங்குதோ என்று அவர் கேட்பார், எனக்கு ஒன்றும் விளங்காது. ஒரு வகுப்பை விட்டேன், பாடப் பதிவைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தேன். இரண்டாவதையும் அப்படியே வைத்தேன். அழுக்குத் துணி சேர்வது போல அவை சேர்ந்துகொண்டே போயின. சேரச் சேர அந்தப் பக்கம் பார்க்கவே கூச்சமாக இருந்தது. வாப்பா படுத்திருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, யாருக்காக இந்தப் படிப்பு, டீச்சர் என்று கூப்பிடுகிற ஆளே இல்லையே என்று யோசிப்பேன். நீ வெள்ளிக்கிழமை சொன்ன அதே சொல், பார்த்தாயா.

உன்னிடம் அதைச் சொன்னேன். "மகன், எனக்கு மனசு வரல்ல. விடப் போறன்" என்றேன். நீ "சரி உம்மா" என்றாய். ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. போனை வைத்த பிறகு எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? விடப் போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல இந்தப் பிள்ளைக்கு வாய் இல்லையா, நான் படித்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன என்றாகிவிட்டதா என்று பொருமினேன். அன்றைக்குச் சமைத்த கறியில் புளி கூடிப்போனது அதனால்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் மாமி வந்தார். குடையை மடக்கிச் சாய்த்துவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் அறைக்குள் போய், அதே கதிரையில், அதே இடத்தில் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனேன். "சரி புள்ள, அந்த ஆத்துக்குப் பொறகு என்ன நடந்திச்சி?" என்றார். எனக்கு முதலில் பிடிபடவில்லை. எந்த ஆறு என்றேன். "அதுதான், மலையிலயிரிந்து இளமையாத் துள்ளிக்கொண்டு வந்திச்சி, பொறகு நடு வயசு வந்து வளஞ்சி வளஞ்சிப் போச்சி. அதோட ஒங்கட இத்தா முடிஞ்சி போய்ட்டே. வயசாகின ஆத்துக்கு என்ன நடந்திச்சிண்டு எனக்குத் தெரியாதே" என்றார். ஆற்றின் மூன்று பருவங்களைச் சேர் படிப்பித்துக்கொண்டிருந்த கிழமையில்தான் என் இத்தா முடிந்தது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. மஹய்யாவயில் பேரப்பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவில் அந்தக் கிழவி இத்தனை நாளும் அந்த ஆற்றை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வேன்? கம்பியூட்டரைத் தூசி தட்டி, சார்ஜரைத் தேடிப் பிடித்து, கிடந்த பதிவுகளில் அந்தப் பாடத்தைக் கண்டெடுத்துப் போட்டேன். இரண்டு பேரும் இருந்து பார்த்தோம். முதுமைப் பருவத்தில் ஆறு வேகம் குறைந்து, சமவெளியில் பரந்து, சுமந்து வந்த மண்ணையெல்லாம் படிய விட்டுவிட்டுக் கடலைச் சேரும் என்றார் சேர். அந்த மண்ணில்தான் நல்ல விளைச்சல் என்றார். மாமி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "எங்கட கங்க எங்க போய்ச் சேருது?" என்று கேட்டார். மகாவலி திருகோணமலைப் பக்கம், மூதூருக்குக் கிட்டக் கடலில் விழுகிறது என்றேன். "மூதூரா! பேராதனப் பாலத்தில எத்தன தரம் பஸ்ஸில போய்க்கிறன், இந்தத் தண்ணி மூதூருக்குப் போகுதெண்டு ஒருத்தரும் சொல்லல்லயே" என்று வியந்தார். பிறகு, "அடுத்தது என்ன பாடம்? நான் அடுத்த ஞாயிறு வருவன். நீங்க முதல்ல பாத்து வைங்க, எனக்கு விளங்கப்படுத்தோணும்" என்று உத்தரவு போட்டுவிட்டுக் குடையை எடுத்தார்.

அவ்வளவுதான் மகன், எனக்கு நடந்தது. பெரிய வெளிச்சம் ஒன்றும் வரவில்லை. மனசும் வந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமி வந்து கேட்பாரே என்ற நெருக்குதலில் திங்கட்கிழமை உட்கார்ந்தேன். உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆன பிறகு மனசு மெதுவாகப் பின்னால் வந்தது. சில நாள் வந்தது, சில நாள் வரவேயில்லை. வராத நாளிலும் கதிரையை விட்டு எழும்பவில்லை. மாமிக்குச் சொல்ல வேண்டும் என்று படித்தபோது பாடமே வேறு மாதிரி இருந்தது. இதை எப்படிச் சொன்னால் அவருக்கு விளங்கும் என்று சமைக்கும்போதும் யோசிப்பேன். தேங்காய் துருவிக்கொண்டே அமைச்சரவையை மாமிக்கு விளங்கப்படுத்தி ஒத்திகை பார்ப்பேன். பாராளுமன்றத்தில் யாருக்கு என்ன அதிகாரம் என்பதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தபோது, "இவ்வளவு அதிகாரம் இரிந்துமா இவனுகள் இப்பிடிச் செய்றானுகள்?" என்று கேட்டு என்னைத் திணறடித்தார். சோதனைத்தாளில் அந்தக் கேள்வி வரவில்லை, வந்திருந்தால் நன்றாக எழுதியிருப்பேன். விட்டுப்போன வகுப்புகளை இப்படியே ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டேன். செல்வராணியும் மற்றப் பெண்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி வரத் தொடங்கினார்கள், மரணவீடு விசாரிக்க வந்த அதே பெண்கள்.

சோதனை மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரியும். உம்மாமார் வெளியே நிற்க வேண்டும் என்று வாசலில் நின்றவர் என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தார், நான் அனுமதி அட்டையைக் காட்டினேன், அவர் கதிரையை இழுத்துவிட்டு உட்கார வைத்தார். பெறுபேறு வந்த அன்றைக்கு உன்னிடம் போனில் அழுதேன். புவியியலுக்கு பி, இஸ்லாமிய நாகரிகத்துக்கு பி, அந்தப் பாழாய்ப்போன அரசியலுக்கு, மட்டுமட்டாகத் தேறியவர்களுக்குப் போடுகிற எஸ். "எஸ் எண்டா ஸ்பெஷலா?" என்று மாமி கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் மஹய்யாவ முழுக்க அப்படித்தான் சொல்லித் திரிகிறார், நீ திருத்த வேண்டாம். இப்போது கீழே உள்ள முன்பள்ளியில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே சின்னப் பிள்ளைகள் எனக்கு டீச்சர் என்கிறார்கள். முதல் நாள் ஒரு குழந்தை அப்படிக் கூப்பிட்டபோது, திரும்பிப் பார்க்காமல் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை உன் போனை வைத்துவிட்டு நான் மாமியைக் கூப்பிட்டு, இவன் இப்படிச் சொல்கிறான் என்று புலம்பினேன். அவர் கொஞ்சமும் அதிரவில்லை. "நீங்க சொன்னதத்தானே புள்ள அவனும் சொல்றான்" என்றார். பிறகுதான் அதைச் சொன்னார். நான் விடப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, என்னிடம் சரி உம்மா என்று சொல்லிப் போனை வைத்த கையோடு நீ மாமிக்குப் போன் எடுத்தாயாம். "மாமி, உம்மா தனிச்சிப் போய்ட்டாங்க. ஒருக்காப் போய்ப் பக்கத்தில இருங்களேன்" என்று கேட்டாயாம். இத்தனை நாளும் இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் மூச்சு விடவில்லை! "ஆனா ஆத்தப் பத்திக் கேட்டது நானாத்தான். அத அவன் சொல்லித் தரல்ல" என்று அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு உன் மேல் வந்த கோபத்தை நினைத்தேன், புளி கூடின கறியையும் நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் படிக்க வேண்டும் என்று நீ ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. படிப்பைப் பற்றியே பேசவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை என்பதைக் கண்டுகொண்டாய், ஒரு ஆளை அனுப்பினாய். எனக்கு என்ன குறை என்று எனக்கே தெரியாதபோது கடல் தாண்டி இருந்த உனக்குத் தெரிந்திருக்கிறது. உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் மகன். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை, கூச்சமாகத்தான் இருக்கிறது. சொல்கிறேன். ஜஸாக்கல்லாஹ் ஹைர். என்னை மறுபடி ஒரு இடத்தில் உட்கார வைத்ததற்கு, மாமிக்கு அழ ஒரு இடம் கொடுத்ததற்கு, வாப்பா வைத்த பெயர் வீணாகாமல் பார்த்ததற்கு.

உனக்கு மனசு வரவில்லை என்றால் வரவில்லைதான். அதை வரவழைக்க என்னிடம் மருந்து இல்லை. ஆனால் உனக்கு நடந்திருப்பது எனக்குத் தெரியும். உன்னோடு சேர்ந்து படித்த அந்தக் காலி ஊர்ப் பையன் வேலை மாறிப் போன பிறகுதான் உன் பேச்சில் சுருதி இறங்கியது. அறையில் நாலு பேர் இருந்தும் நீ என்ன படிக்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை என்று போன மாதம் சும்மா சொல்வது போலச் சொன்னாய். அதை அப்போதே நான் பிடித்திருக்க வேண்டும். யாருக்காகப் படிக்கிறேன் என்று கேட்டாயே, பட்டத்தை யாருக்குக் காட்டுவது என்பதை இப்போது யோசிக்காதே. ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொல்லப் போகிறாய் என்பதை மட்டும் யோசி.

உனக்கு அனுப்ப எனக்கு அங்கே ஒரு மாமி இல்லை. அதனால் நானே வருகிறேன். இதை வாசித்த அடுத்த நாளே நீ வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, கம்பியூட்டரைத் திறந்ததும் எனக்கு வீடியோ கோல் எடு. போனைச் சுவரில் சாய்த்து வை. நான் பேச மாட்டேன். தஸ்பீஹை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன், வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக்கொண்டும் இருப்பேன். உங்கள் பாடம் இங்கிலீஷில் நடக்கிறது, எனக்கு ஒரு சொல்லும் விளங்கப் போவதில்லை. அது பரவாயில்லை, முடிந்த பிறகு நீ எனக்கு விளங்கப்படுத்து. கப்பலில் ஏற்றிய பெட்டி எப்படி வழி தவறாமல் அந்தந்தக் களஞ்சியத்துக்கு வந்து சேருகிறது என்று போன வருஷம் சொல்லத் தொடங்கினாய், துறைமுகத்துக்கு வந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. அந்தப் பெட்டிக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். மாமியும் கேட்கிறார்.

முதலில் பதிந்துவிடு. பிறகு அந்தக் கட்டிலை விட்டு இறங்கி ஒரு மேசையில் இரு. பக்கத்தில் எனக்கும் ஒரு கதிரை போட்டு வை.

உன் உம்மா